சான்று கூறாத ஊர்
('யூதரின் பீச் மரம்' என்னும் செருமானியக் குறும்புதினத்தில் சிற்றூர் நீதி)

பேரூர்களின் வரலாறு கல்வெட்டிலும் ஆவணத்திலும் நிற்கும். சிற்றூர்களின் வரலாறோ பெரும்பாலும் வழக்கு மன்றத்துப் பதிவேட்டிலும், வரி ஏட்டிலும், ஊரார் வாய்மொழியிலுமே தங்கும். அவ்வாறு தங்கிய ஒரு செய்தியைப் புலமை மிக்க ஒருவர் எடுத்துக் கையாளும்பொழுது, ஓர் ஊரின் வரலாறு ஒரு சமுதாயத்தின் வரலாறாக விரிகிறது. செருமானிய நாட்டின் மேற்குப் பகுதியாகிய வெஸ்ட்ஃபாலியாவில் உள்ள பெல்லர்சன் என்னும் சிற்றூருக்கு அத்தகைய பேறு வாய்த்தது. அன்னெட் ஃபான் திரோஸ்டெ-ஹூல்ஷோஃப் அம்மையார் (1797-1848) 1842ஆம் ஆண்டு வெளியிட்ட 'யூதரின் பீச் மரம்' என்னும் குறும்புதினம் அவ்வூரைக் களமாகக் கொண்டது. கதையுள் ஊரின் பெயர் 'பி.' என்னும் ஓரெழுத்தாகவே குறிக்கப்படினும், அது பெல்லர்சனே என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் இல்லை.

இந்நூலைப் பலர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். குற்றவாளி யார் எனத் தேடும் மருமக் கதை என்பர் சிலர். ஊழ் உருத்து வந்து ஊட்டும் கதை என்பர் வேறு சிலர். நாட்டுப்புற வாழ்க்கையின் ஓவியம் என்பர் மற்றும் சிலர். இம்மூன்றற்கும் நூலில் இடம் உண்டு. ஆயினும், இம்மூன்றும் பிரீட்ரிக் மெர்கல் என்னும் தனி மனிதனையே நடுவில் நிறுத்திப் பார்ப்பன. நூலின் நடுவில் நிற்பது ஊரே என்பதும், அவ்வூரின் உயிர்நாடி 'நம்மவர்க்கு எதிராகச் சான்று கூறாமை' என்னும் எழுதாச் சட்டமே என்பதும் நம் கருத்து. அச்சட்டம் எங்கே தோன்றியது, எவரைக் காத்தது, எவரைக் கைவிட்டது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1. ஊரும் வரலாறும்

பெல்லர்சன், 1802ஆம் ஆண்டுவரை பாடர்போர்ன் ஆயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டில் அமைந்த ஊர். சமயத் தலைவரே நாட்டுத் தலைவராகவும் இருந்த சிற்றரசு அது. பின்னர் அந்நாடு பிரசியாவின் கைக்குச் சென்றது. நெப்போலியன் காலத்தில் வெஸ்ட்ஃபாலிய அரசின் பகுதியாயிற்று. அவன் வீழ்ச்சிக்குப் பின் மீண்டும் பிரசியாவைச் சேர்ந்தது. 1970இல் பெல்லர்சன் தனி ஊராட்சி என்னும் நிலை நீங்கி, அண்மையிலுள்ள பிராக்கல் நகராட்சியுடன் இணைந்தது. மலைச்சரிவும் காடும் சூழ்ந்த அவ்வூருக்கு மிக அருகில் பேக்கன்டோர்ஃப் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஹாக்ஸ்ட்ஹௌசன் என்னும் நிலக்கிழார் குடும்பத்தின் மாளிகை இருந்தது. அக்குடும்பமே திரோஸ்டெ அம்மையாரின் தாய்வழிக் குடும்பம். கிரிம் உடன்பிறந்தார் தம் நாட்டுப்புறக் கதைத் தொகுதிக்குப் பல கதைகளைப் பெற்றதும் அம்மாளிகை வட்டத்தாரிடமிருந்தே ஆகும். இளமையில் அங்கே தங்கிய காலங்களில் அம்மையார் அப்பகுதியின் பழங்கதைகளைக் கேட்டறிந்தார்.

கதைக்கு அடிப்படையான நிகழ்ச்சி 1783ஆம் ஆண்டு நடந்தது. பெல்லர்சனைச் சேர்ந்த வின்கெல்ஹன்னஸ் என்பான், ஓஃபன்ஹௌசன் என்னும் அண்டை ஊரில் வாழ்ந்த யூத வணிகர் ஒருவரிடம் துணி வாங்கிக் கடன்பட்டான். வழக்கு மன்றம் ஏறியது. வணிகருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. அவ்வணிகர் காட்டில் கொல்லப்பட்டார். கொன்றவன் தப்பி ஓடி, அல்ஜீரியாவில் அடிமையாகிப் பல்லாண்டு துன்புற்று, 1806ஆம் ஆண்டு ஊர் திரும்பி, பின்னர்த் தூக்கிட்டு மாண்டான். அம்மையாரின் தாய்மாமனாகிய ஆகஸ்ட் ஃபான் ஹாக்ஸ்ட்ஹௌசன், 1818இல் கெட்டிங்கன் நகரத்து இதழ் ஒன்றில் 'அல்ஜீரிய அடிமையின் வரலாறு' என்னும் தலைப்பில் இச்செய்தியை எழுதினார்.

தாய்மாமன் எழுதியது வரலாற்றுக் குறிப்பு. அதில் கொன்றவன் இன்னான் என்பது தெளிவு. அவன் திரும்பி வருவதும் தன் பெயரோடுதான். அம்மையார் அதனைப் புதினமாக்கியபொழுது செய்த மாற்றங்கள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. கொலையை 1783இலிருந்து 1760க்கும், கொலைகாரன் திரும்பும் காலத்தை 1806இலிருந்து 1788க்கும் பின்தள்ளினார். இதனால் கதை முழுதும் பிரெஞ்சுப் புரட்சியின் அலை அவ்வூரைத் தொடுமுன் முடிந்துவிடுகிறது. துணிக் கடனைச் சட்டைப்பைக் கடிகாரக் கடனாக்கினார். மரக்களவு, வனக்காவலர் கொலை, நாயகனை ஒத்த உருவமுடைய யோகன்னஸ் என்னும் இளைஞன் ஆகியவற்றைப் புதிதாகச் சேர்த்தார். எல்லாவற்றினும் மேலாக, தெளிவாக இருந்த குற்றத்தைத் தெளிவற்றதாக்கினார். அறிந்த செய்தியை அறியாத செய்தியாக மாற்றும் ஆசிரியர் அரியர். அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்னும் வினாவுக்கு விடை காணின் நூலின் பொருள் விளங்கும்.

2. காட்டுரிமையும் இரண்டாம் சட்டமும்

தமிழ்ப் பொருளிலக்கணத்தார் முதல், கரு, உரி என மூன்றாகப் பகுப்பர். அக்கண்கொண்டு நோக்கின், இக்கதையின் முதற்பொருளும் கருப்பொருளும் காட்டிலேயே அடங்கக் காண்கிறோம். ஊரைச் சுற்றிலும் காடு. அக்காட்டின் மரங்களோ நிலக்கிழார்க்கு உரியன. அண்மையில் ஓடும் ஆற்றின் வழியே மரங்கள் கப்பல் கட்டும் இடங்களுக்குச் சென்றன. எனவே மரத்திற்கு விலை இருந்தது. விறகுக்கும் வீட்டுக்கும் காட்டையே நம்பிய மக்களுக்கு, நேற்றுவரை தம் பாட்டன் எடுத்த மரத்தை இன்று தாம் எடுத்தால் அது களவாகும் என்பது விளங்கவில்லை. பிரீட்ரிக்கின் தாய் மார்கிரெட் நாணமும் இறைப்பற்றும் உடையவள்; வீட்டைச் செம்மையாக நடத்துபவள். அவளே தன் சிறு மகனுக்கு, மரத்தைக் கடவுள் தாமே வளரச் செய்கிறார் என்றும், காட்டு விலங்கு ஒரு நிலக்கிழாரின் எல்லையிலிருந்து மற்றொருவர் எல்லைக்குச் செல்கிறது என்றும், ஆதலின் அவை ஒருவருக்கு உரியன ஆகா என்றும் கற்பிக்கிறாள். இது கள்ளரின் வாதம் அன்று, ஊரின் நம்பிக்கை.

நிலாக் காலத்து இரவுகளில் முப்பது நாற்பது வண்டிகள் அணியாகக் காட்டுக்குச் செல்வதை ஆசிரியர் காட்டுகிறார். மீசை அரும்பாத சிறுவர் முதல் எழுபது வயதான ஊர்த்தலைவர் ஈறாக அனைவரும் அதிற் செல்கின்றனர். வீட்டில் இருப்போர் சக்கர ஒலி தேய்ந்து மறைவதைக் கேட்டவாறு உறங்குகின்றனர். எங்கோ துப்பாக்கி வெடித்தால் இளமனைவி ஒருத்தி திடுக்கிடுகிறாள், மற்றவர் பொருட்படுத்துவதில்லை. விடியலில் வண்டிகள் திரும்புகின்றன, ஒருவன் தலையில் கட்டோடு வருகிறான், அவ்வளவே. மரம் திருடுதல் இங்கே ஊர்த்திருவிழாப் போல நிகழ்கிறது. தலைமை தாங்குபவரே ஊர்த்தலைவர் எனின், யாரைப் பற்றி யாரிடம் முறையிடுவது?

சட்டம் என ஒன்று இருந்தது. ஆயின் அதன் பக்கத்திலேயே வழக்கம், ஊரார் கருத்து, நெடுங்காலக் கவனமின்மை ஆகியவற்றால் விளைந்த இரண்டாம் சட்டம் ஒன்றும் வளர்ந்தது என ஆசிரியர் தொடக்கத்திலேயே கூறுகிறார். அதனோடு நில்லாமல், புறச் சட்டத்தை மீறினும் தன் உள்ளத்து நேர்மைக்கு ஏற்ப நடப்பவன் முற்றிலும் கெடான் என்றும், உள்ளுணர்வைக் கொன்று புறச் சட்டத்தை மட்டும் பற்றி நிற்பதே பெருங்கேடு என்றும் பொருள்படும் ஒரு கருத்தையும் வைக்கிறார். நூலைப் பாராட்டுவோர் பலரும் இக்கருத்தையே நூலின் முடிபாகக் கொள்வர். நாம் இதனை முடிபாக அன்றி, கதை ஆராயப்போகும் வினாவாகவே கொள்கிறோம். ஏனெனில், அடுத்து வரும் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் இக்கருத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அமைந்துள்ளன.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. இக்குறும்புதினம் 1842 ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளிதழில் தொடராக வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதே பிரசிய அரசின் மற்றொரு மாநிலமாகிய ரைன்லாந்தில், இளைஞராகிய கார்ல் மார்க்ஸ் மரக்களவுச் சட்டத்தைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையின் வழக்குரிமையைச் சட்டம் களவாக்குகிறது என்பது அவர் வாதம். நிலக்கிழார் குடியிற் பிறந்த கவிஞரும் அரசியல் சிந்தனையாளரும் ஒரே ஆண்டில் ஒரே பொருளைத் தொட்டனர். வழக்குரிமை ஏழைக்கு அரண் என்பதை மார்க்ஸ் கண்டார். அவ்வரணுக்குள் யாருக்கு இடம் இல்லை என்பதைத் திரோஸ்டெ கண்டார். இரண்டும் உண்மையே, இரண்டாவதைக் காண்பது அரிது.

3. ஒரு கட்டளையின் திரிபு

பிரீட்ரிக் 1738இல் பிறந்தவன். அவன் தந்தை குடியால் கெட்டவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கையில், புயல் வீசிய ஓரிரவில் அவர் பிரேடர்ஹோல்ட்ஸ் என்னும் காட்டில் இறந்து கிடந்தார். இறந்தவர் பேயாக உலவுகிறார் என ஊர் பேசிற்று. பிள்ளைகள் பிரீட்ரிக்கை அதனைச் சொல்லி இழித்தனர். பன்னிரண்டாம் வயதில் தாய்மாமன் சீமோன் செம்லர் அவனைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறான். சீமோன் நேர்மையற்ற தொழில்களில் ஈடுபட்டவன் என ஊர் ஐயுறும். வெளிப்படையாக ஒன்றும் கூறாது. அவன் வீட்டில் பிரீட்ரிக்கைப் போன்ற தோற்றமுடைய யோகன்னஸ் என்னும் சிறுவன் இருக்கிறான். சீமோனின் முறைபிறழ்ந்த மகன் எனக் கருதத்தக்க அவனுக்குக் குடிப்பெயர் இல்லை. 'நீமாண்ட்' என அழைக்கப்படுகிறான். அச்சொல்லுக்கு 'ஒருவரும் இல்லை' என்பது பொருள்.

1756 சூலையில், நீலச் சட்டை அணிந்த மரக்கள்ளர் கூட்டம் ஒன்று காட்டை அழிக்கிறது. ஒரே நிறமான உடையால் யார் யார் என்று அறிய இயலாது. வனக்காவலர் பிராண்டிஸ், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிரீட்ரிக்கை ஐயுற்று, அவன் குடும்ப வறுமையைச் சுட்டி இழிவாகப் பேசிவிடுகிறார். சினமுற்ற பிரீட்ரிக், தோழர்கள் சென்ற வழி எது என அவர் அறிய விரும்பியபொழுது வேறு வழி காட்டுகிறான். அவ்வழியே சென்றவர் கோடரியால் வெட்டுண்டு இறக்கிறார். விசாரணையில் கோடரி காட்டப்படுகிறது, பிரீட்ரிக் திடுக்கிடுகிறான், பின் அறியேன் என்கிறான். படிப்போர்க்கு அது சீமோனின் கோடரி என்னும் எண்ணம் உண்டாகிறது. வழக்கோ சான்று இன்றி முடிகிறது.

இதன்பின் வரும் சிறு காட்சியே நூலின் திறவுகோல் என்பது நம் துணிபு. ஞாயிறன்று பிரீட்ரிக் கோவிலுக்குச் சென்று குருவிடம் தன் நெஞ்சத்துச் சுமையைக் கூற எண்ணுகிறான். விடியலில் சீமோன் வந்து வழிமறிக்கிறான். பத்துக் கட்டளைகளை நினைவூட்டுகிறான். அயலானுக்கு எதிராகச் சான்று கூறற்க என்கிறான். பொய்ச்சான்று கூறற்க என்பதன்றோ கட்டளை எனப் பிரீட்ரிக் திருத்துகிறான். அன்று, எவ்வகைச் சான்றும் கூறற்க என்பதே கட்டளை என்றும், உனக்குத் தவறாகக் கற்பித்துள்ளனர் என்றும் சீமோன் மறுக்கிறான். பிரீட்ரிக் அன்று கோவிலுக்குச் செல்லவில்லை.

ஒரே ஒரு சொல் நீங்கியது. 'பொய்' என்னும் அச்சொல் நீங்கியவுடன், உண்மை கூறுவோரைக் காக்க எழுந்த கட்டளை உண்மையை மறைப்போரைக் காக்கும் கட்டளையாயிற்று. சீமோன் கூறியது அவனுடைய தனிப்பட்ட சூழ்ச்சி எனக் கொள்ளின் நூலைக் குறுக்கிவிடுவோம். நிலாக் காலத்து வண்டிகளைக் கேட்டவாறு உறங்கிய ஊர் முழுதும் நெடுங்காலமாகக் கைக்கொண்ட சட்டத்தையே சீமோன் சமய மொழியில் கூறினான். மரத்தைக் காக்கும் அதிகாரிக்கு எதிராக ஏழைகள் ஒன்றிய மௌனம் முதலில் நேர்மை உடையதாகவே இருந்தது. ஆயின் மௌனத்திற்கு எல்லை வகுக்க ஊரில் ஒருவரும் இல்லை. சுள்ளிக்காகத் தொடங்கிய மௌனம் வனக்காவலரின் உயிரையும் மூடியது. தமிழில் சான்று என்பதும் சான்றோர் என்பதும் ஒரு வேரின. சான்று கூறுதல் ஒழிந்த ஊரில் சான்றாண்மையும் ஒழியும் என்பதை இக்காட்சி நமக்கு உணர்த்துகிறது. உள்ளுணர்வுக்கு ஏற்ப நடப்பவன் கெடான் என்னும் தொடக்கக் கருத்து இங்கே முதல் அடி வாங்குகிறது. ஏனெனில் பிரீட்ரிக்கின் உள்ளுணர்வு அவனைக் கோவிலுக்கு அழைத்தது. ஊரின் சட்டமே அதனைக் கொன்றது.

4. வட்டத்துக்கு வெளியே நின்றவர்

கதையின் அடுத்த பகுதி 1760 அக்டோபரில் ஒரு திருமண விருந்தில் நிகழ்கிறது. பிரீட்ரிக் ஊர் இளைஞருள் முதன்மை பெற்றவனாகத் திகழ்கிறான்; வெள்ளிச் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துக் காட்டிப் பெருமை கொள்கிறான். யூத வணிகர் ஆரோன் அங்கே வந்து, கடிகாரத்தின் விலையாகிய பத்துத் தாலர் இன்னும் தரப்படவில்லை என அனைவர் முன்னும் கேட்கிறார். கூட்டத்தில் இருந்தோர் அவரைப் பன்றியோடு சேர்த்து நிறுத்துப் பார்க்குமாறு கூவி நகைக்கின்றனர். மூன்று நாள் கழித்து, இடியும் மழையுமான இரவில், ஆரோனின் மனைவி நிலக்கிழாரின் வீட்டில் வந்து விழுகிறாள். ஆரோன் பிரேடர்ஹோல்ட்ஸ் காட்டில் ஒரு பீச் மரத்தடியில் இறந்து கிடக்கிறார். பிரீட்ரிக் யோகன்னஸுடன் ஊரைவிட்டு ஓடிவிடுகிறான்.

அக்காலப் பாடர்போர்ன் நாட்டில் யூதர் ஆட்சியாளரிடம் பொருள் கொடுத்துப் பெறும் பாதுகாப்புச் சீட்டின் பேரிலேயே வாழ இயன்றது. தொழிற்சங்கங்களில் அவர்க்கு இடம் இல்லை. எனவே சிறு வணிகமும் கடன் கொடுத்தலும் அவர்க்கு எஞ்சின. வெஸ்ட்ஃபாலிய அரசு 1808இல் அவர்க்குச் சம உரிமை வழங்கியது. நெப்போலியன் வீழ்ந்தபின் அவ்வுரிமை சுருங்கியது. 1836இல் பிரசிய அரசு பாடர்போர்ன் பகுதியில் யூதர் உழவர் நிலம் வாங்குவதைத் தடுத்து ஆணை இட்டது. அதாவது, அம்மையார் இக்கதையைச் செப்பம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஆரோன் போன்றவர்க்கு ஊரில் இடம் உண்டா என்பது பழங்கதை அன்று, அன்றாட வழக்கு.

மரமும் விலங்கும் ஒருவருக்கு உரியன ஆகா எனக் கற்பித்த தாய், யூதர் அனைவரும் வஞ்சகர் என்பதையும் அதே மூச்சில் கற்பித்தாள். ஆரோனை அடித்துப் பொருள் பறித்தவன் ஊரவனாயின், அவன் நல்லவன். பொய் கூறியவர் ஆரோனே. இவ்விரு பாடங்களும் பிள்ளை உள்ளத்தில் ஒருங்கே விதைக்கப்பட்டன. உடைமை பற்றி ஊர் கொண்ட தாராளமும், அயலவர் பற்றி ஊர் கொண்ட கடுமையும் வேறு வேறு நிலத்தில் முளைத்தவை அல்ல. 'நாம்' என்னும் வட்டத்துக்குள் அனைத்தும் பொது. வட்டத்துக்கு வெளியே நிற்பவர்க்குப் பத்துத் தாலர் கேட்கவும் உரிமை இல்லை. அயலான் என்னும் சொல்லுக்குச் சீமோன் கொண்ட பொருள் தன் இனத்தான் என்பதே. ஆரோன் எவர்க்கும் அயலான் ஆகவில்லை.

ஆசிரியரின் குறையையும் ஈண்டுக் கூறுதல் கடன். ஆரோனின் உள்ளத்தில் அவர் நுழைவதே இல்லை. அவர் மனைவிக்குப் பெயரும் தரவில்லை; அவள் வாயில் பழிக்குப் பழி என்னும் குரலை மட்டுமே வைக்கிறார். யூதரைப் பழிவாங்கும் சமயத்தார் என எண்ணிய கிறித்தவப் பழங்கருத்தின் சாயல் அதில் உண்டு. பின்னர், வேறொரு யூதனே ஆரோன் என்னும் பெயருடைய ஒருவரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டான் என ஒரு கடிதம் வருவதாகக் காட்டுவது மருமத்தை வளர்க்கப் பயன்படினும், பழியை ஊருக்கு வெளியே தள்ளும் வசதியையும் தருகிறது. நிலக்கிழார் மாளிகைச் சாளரத்தினின்று ஊரைக் கண்டவர் அம்மையார். ஆரோனின் வீட்டுச் சாளரத்தினின்று கண்டவர் அல்லர். இதனை மறைத்து நூலைப் புகழ்தல் நடுநிலை ஆகாது.

5. மரம் என்னும் சான்று

ஆயினும், அக்குறையையும் கடந்து நூலை உயர்த்தும் ஒரு காட்சி உண்டு. ஆரோன் இறந்தபின் யூதர் சிலர் நிலக்கிழாரிடம் வந்து அந்தப் பீச் மரத்தை விலைக்குக் கேட்கின்றனர். வெட்டுவதற்கு அன்று, அது அழியும்வரை நிற்க வேண்டும் என்பதற்கே. இருநூறு தாலர் தருகின்றனர். மரத்தைத் தீண்டலாகாது என வனக்காவலர்க்கு ஆணை பிறக்கிறது. யூதர் அதன் பட்டையில் எபிரேய எழுத்துக்களைச் செதுக்குகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சுற்றியிருந்த மரங்கள் வீழ்கின்றன. இது மட்டும் நிற்கிறது.

இக்காட்சியின் ஆழம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கதை முழுதும் மரங்கள் இரவில் வெட்டப்படுகின்றன, கடத்தப்படுகின்றன, விற்கப்படுகின்றன. விலை கொடுத்து வாங்கப்பட்டதாக நாம் காணும் மரம் இது ஒன்றே. அதனை வாங்கியவர் ஊரில் பங்கு இல்லாதவர். பத்துத் தாலர் பெற வந்து உயிரிழந்தவரின் இனத்தார், அதனினும் இருபது மடங்கு பொருளை ஒரு மரத்துக்குத் தருகின்றனர். ஊர் சான்று கூறாது என்பதை அவர் அறிவர். எனவே சான்று கூறும் ஒன்றை விலைக்கு வாங்கினர். மௌனமே சட்டமாக இருந்த ஊரில், எழுத்து வடிவில் நிற்கும் ஒரே சாட்சி அம்மரம்.

அவ்வெழுத்துக்களை ஆசிரியர் கதையின் இடையில் எபிரேய வடிவிலேயே தந்து, பொருள் கூறாது விடுகிறார். 1842இல் அந்நாளிதழைப் படித்த செருமானியர் பெரும்பாலோர்க்கு அது விளங்கியிராது. சாட்சி கண்முன் நிற்க, அதனைப் படிக்க இயலாத ஊரார் நிலையில் படிப்போரையும் ஆசிரியர் நிறுத்திவிடுகிறார். அதன் பொருள் நூலின் இறுதியிலேயே வருகிறது. இவ்விடத்தை அணுகுவாயாயின், எனக்கு நீ செய்தது உனக்கும் நேரும் என்பது அதன் கருத்து. எழுத்தின் பொருள் தாமதித்து வருவதை வெறும் மருமக் கதை உத்தி என்று கொள்வதற்கில்லை. சான்று இருந்தும் அறியாதிருத்தல் எத்தகையது என்பதை நாமே துய்க்குமாறு அமைத்த அமைப்பு அது.

'யூதரின் பீச் மரம்' என்னும் தலைப்பு ஆசிரியர் இட்டது அன்று. நாளிதழின் ஆசிரியராகிய ஹெர்மன் ஹௌஃப் இட்டது. அம்மையார் வைத்தது, மலைப்பாங்கான வெஸ்ட்ஃபாலியாவின் ஒழுகலாற்று ஓவியம் என்னும் பொருளுடையது. இன்று அது துணைத்தலைப்பாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை. ஒழுகலாறு ஊரைக் காட்டுகிறது. மரம் அவ்வூர் மறைத்ததைக் காட்டுகிறது.

6. பெயரும் தீர்ப்பும்

1788ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்கு முன்னிரவில், உடல் நைந்த முதியவன் ஒருவன் ஊருக்கு வருகிறான். துருக்கியரிடம் அடிமையாக இருபத்தாறு ஆண்டு கழித்தவன். ஊரார் அவனை யோகன்னஸ் எனக் கொள்கின்றனர், அவனும் மறுக்கவில்லை. நிலக்கிழார் அவனுக்கு உணவும் இடமும் தருகிறார். மரக்கரண்டி செதுக்கியும் செய்தி கொண்டு சென்றும் அவன் காலம் கழிக்கிறான். பிரேடர்ஹோல்ட்ஸ் காட்டின் வழியே செல்ல நேர்ந்தால் சுற்றி வருகிறான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் காணாமற் போகிறான். பின்னர், அப்பீச் மரத்தில் தூக்கில் தொங்கக் காண்கின்றனர். கண்டவன் கொல்லப்பட்ட வனக்காவலரின் மகனாகிய இளைய பிராண்டிஸ். நிலக்கிழார் பிணத்தின் கழுத்தில் ஒரு தழும்பைக் கண்டு, இவன் யோகன்னஸ் அல்லன், பிரீட்ரிக் மெர்கலே என அறிவிக்கிறார். குற்றமற்றவன் பெயரில் பழி நிற்கலாகாது என்பது அவர் எண்ணம். பிணம் இறந்த விலங்குகளைப் புதைக்கும் இடத்தில் புதைக்கப்படுகிறது.

அத்தழும்பைப் பற்றிக் கதையில் முன்னர் ஒரு குறிப்பும் இல்லை. ஆதலின், இறந்தவன் உண்மையில் பிரீட்ரிக்தானா என்னும் ஐயத்தை ஆய்வாளர் சிலர் எழுப்பினர். இறந்தவன் யார் என்பதை உறுதி செய்ய நூல் இடம் தரவில்லை என்பதே நம் முடிபு. அதுவே ஆசிரியர் நோக்கம் எனவும் கருதுகிறோம். 'ஒருவரும் இல்லை' என்னும் பெயருடையவனுக்கும் மெர்கல் குடியினனுக்கும் இடையே ஊர் காணும் வேறுபாடு ஒரு தழும்பே. ஆண்டுக் கணக்கில் வாய் திறவாத ஊர், இறுதியில் ஒருவர் சொல்லை உடனே ஏற்றுக்கொள்கிறது. யாரும் வினவவில்லை. சான்று கூறாமையும், கூறியதை ஆராயாது ஏற்றலும் ஒரே நோயின் இரு குறிகள். தெளிவான வரலாற்றை ஆசிரியர் ஏன் தெளிவற்றதாக்கினார் என முன்னர் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை. உண்மையை அறிய விரும்பாத ஊரில் உண்மை தெளிவாக எஞ்சாது. கதையின் மங்கல் ஆசிரியரின் தடுமாற்றத்தால் நேர்ந்தது அன்று. ஊரின் ஒழுகலாற்றினின்று விளைந்தது.

நூலின் முகப்பில் உள்ள சிறு பாட்டு, ஒளியில் வளர்ந்தவரே, இருளில் வளர்ந்தவனைத் தீர்ப்பிட விரையற்க என எச்சரிக்கிறது. பலர் இதனைப் பிரீட்ரிக்குக்கான இரக்கமாகவே கொள்வர். அவ்விரக்கம் உரியதே. தந்தையற்ற பிள்ளைக்குத் தாயும் மாமனும் ஊரும் ஊட்டிய பாடங்களை அறிந்தபின் அவனைக் கல்லெறிய நமக்குக் கை எழாது. ஆயின் ஒருவனைத் தீர்ப்பிடாமை வேறு. ஊரைத் தீர்ப்பிடாமை வேறு. ஆசிரியர் முன்னதையே வேண்டினார்.

முடிபு

உள்ளுணர்வே போதும் என்னும் கருத்தோடு தொடங்கிய கதை, அவ்வுள்ளுணர்வை வளர்ப்பது ஊரே என்றும், ஊரின் நேர்மை அதன் வட்டத்தின் எல்லையில் நின்றுவிடும் என்றும் காட்டி முடிகிறது. எழுதாச் சட்டம் எழுதிய சட்டத்தினும் உயர்ந்தது எனச் சிற்றூர் வாழ்க்கையைப் புனைந்து பாடுவோர் எம்மொழியிலும் உளர். அவர்க்கு இந்நூல் தக்க மறுமொழி. சிற்றூரை இழித்துரைப்போர்க்கும் இதில் இடம் இல்லை. ஏழையர் ஒற்றுமை ஏன் தோன்றியது என்பதையும் இந்நூல் மறைக்கவில்லை.

1842இல் இதனைப் படித்தவரும் இன்று நாம் படிப்பதும் ஒரு நிலை அன்று. 1941 டிசம்பரில், வெஸ்ட்ஃபாலியாவின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதர் பலர் மூன்ஸ்டர், பீலஃபெல்ட் முதலிய ஊர்களில் தொடர்வண்டி ஏற்றப்பட்டு ரீகா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர் அண்டை வீட்டார் கண்முன்னேயே சென்றனர். அதனைத் திரோஸ்டெ அம்மையார் முன்னறிந்து எழுதினார் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயின் ஒரு கட்டளையினின்று ஒரு சொல்லை நீக்கிவிட்டால் நல்லவர் வாழும் ஊரும் எதுவரை செல்லும் என்பதை அவர் ஒரு சிற்றூரின் அளவில் கண்டு எழுதி வைத்தார். சீமோன் நீக்கிய சொல்லை மீண்டும் அதன் இடத்தில் வைத்துப் படிப்பதே இந்நூலைப் படிக்கும் முறை என்பது நம் துணிபு.